சாயம் ஏறிய துண்டு

1

எங்கள் தொழிற்சாலை ஆண்டு மலருக்கு ஆளுக்கொரு கதை கேட்டார்கள். கேண்டீன்காரி எழுதினால் புதுமையாக இருக்குமாம். மலர்க்குழுத் தலைவர் என்ஜினியர் தேவராஜன். 1970 மார்கழியில் என் புருஷனைச் சுட்டவர் அவர்தான். பிறகு கும்மிடிப்பூண்டியில் எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். கதை வந்த வழி இது.

'நான்' என்று எழுதினால் எனக்குச் சாதகமாகவே வருகிறது. ஆகவே அவள் பெயர் குணசுந்தரி.

2

முதல் தொடக்கம்: பழவேற்காடு ஏரியில் பொழுது விடியும்போது வானம் செம்...

(இல்லை. அன்று அவள் வானத்தைப் பார்க்கவில்லை.)

இரண்டாவது: ஏழையின் உயிர் என்றால் பெரிய மனிதர்களுக்கு...

(இது மலரில் வராது. வந்தாலும் இதில் துலுக்காணம் இல்லை.)

3

துலுக்காணம் வலைக்காரன். குணசுந்தரியின் புருஷன். ஞாயிற்றுக்கிழமைகளில் என்ஜினியருக்கு வாத்து கிளப்பிவிடுவான். இடுப்பளவு தண்ணீரில் கோரைக்குள் குனிந்து போய், பறவைகளைத் துப்பாக்கிப் பக்கம் விரட்ட வேண்டும்.

ஒருநாள் என்ஜினியர் மூர் மார்க்கெட்டில் வாங்கிய பட்டாளத்துப் புள்ளிச் சட்டையோடு வந்து இறங்கினார்.

"இன்னா சார், வேலி மேல வுழுந்துட்டீங்களா?"

"இதைப் போட்டா காட்டுல ஆள் இருக்கிறதே தெரியாதுப்பா."

"காட்டுல சரி. நம்ம ஏரில ஏது சார் இம்மாம் பச்ச? சேறும் காஞ்ச கோரையும்தான். பொதரு ஒண்ணு சிகரெட் புட்ச்சுகினு வருதேன்னு வாத்து சிரிக்கப் போவுது."

என்ஜினியரும் சிரித்தார். அன்று ஒரு வாத்துகூட விழவில்லை. திரும்பும்போது, "உன் வெள்ளைச் சட்டைதான்யா காட்டிக்கொடுக்குது" என்றார்.

4

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: நூல் வலை இற்றுப்போகாமலிருக்க மரப்பட்டையைக் காய்ச்சிச் சாயம் ஏற்றுவார்கள். அந்தப் பானையில் எதை முக்கினாலும் ஏரிச் சேற்றின் நிறம்தான்.)

சனிக்கிழமை குணசுந்தரி சட்டையைச் சாயத்தில் அமுக்கினாள். அவன் கேட்டது அவ்வளவுதான். பானையில் சாயம் மிச்சமிருந்தது. வீணாகப் போவானேன் என்று, அவன் தலையில் கட்டும் சிவப்புத் துண்டையும்...

(இந்த வாக்கியத்தை நாலு தடவை அடித்திருக்கிறேன். இருக்கட்டும்.)

...போட்டாள்.

காலையில் அவன் பார்த்தான்.

"இன்னாமே பண்ணிக்கீற? தலத்துண்டு செவப்பா இருந்தாத்தான் சார் கண்ணுக்கு நான் தெரிவேன்."

"வெள்ளச் சட்டைக்கே பேஜார் பண்றாரு. செவப்பு மட்டும் வாத்து கண்ணுல படாதா? போய்யா, தொணதொணன்னுகினு."

அதையே கட்டிக்கொண்டு போனான்.

5

வாத்துகள் அன்று அவனைக் கையெட்டும் தூரம்வரை விட்டனவாம். கோரை அசைந்தது. என்ஜினியர் சுட்டார்.

கரைக்குக் கொண்டுவந்தபோது துண்டு நனைந்திருந்தது. எது தண்ணீர், எது ரத்தம் என்று தெரியவில்லை. அந்த நிறத்தில் எதுவும் தெரியாது.

விசாரணையில் என்ஜினியர் அழுதார். "எப்பவும் சிவப்புத் துண்டு கட்டுவான் சார். அன்னைக்கு ஏன் கட்டலைன்னு தெரியலை."

அவளைக் கேட்டார்கள்.

"தெர்லீங்க" என்றாள்.

6

இங்கே குணசுந்தரி என்ற பெயரை விட்டுவிடுகிறேன்.

ஒரு முடிவு: அசைவது வாத்தா ஆளா என்று பார்க்காமல் சுட்டவர்மேல்தான் குற்றம். இது உண்மை.

இன்னொரு முடிவு: துண்டைச் சொல்லிவிடுவது. அதுவும் உண்மை. ஆனால் அதைப் படித்ததும், ஒன்பது வருஷமாக என் முன்னால் தலை குனிந்தே சாப்பிடுகிறாரே, அந்தத் தலை நிமிரும். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும். என்னை மன்னித்தாலும் மன்னிப்பார். அதை என்னால் பொறுக்க முடியாது.

மலருக்கு எலுமிச்சைச் சாதம் செய்யும் விதத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்தக் கதை உங்களுக்கு மட்டும்.

அவரிடம் சொல்வதா வேண்டாமா என்பது இனி உங்கள் பாடு. சொல்வதானால், நான் பரிமாறி முடித்து உள்ளே போன பிறகு சொல்லுங்கள்.