கையில் எட்டாயிரத்துச் சொச்சம்

காலி இடம் ஒன்றே ஒன்றுதான். அப்ரன்டிஸ்கள் பன்னிரண்டு பேர்.

“பதினொரு பசங்களைத் தாண்டி உன் பேரைச் சொல்லணும்னா எனக்கு ஒரு காரணம் வேணும்மா” என்றார் ஜெகதீசன். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இருந்த அந்த ஏ.சி. சர்வீஸ் கம்பெனிக்கு அவர் மேனேஜர்.

மேஜைக்கு இந்தப் பக்கம் ஸ்வீட்லின் நின்றுகொண்டிருந்தாள். வானகரத்தில் ஓர் ஆஸ்பத்திரி மொட்டை மாடியில் காலையிலிருந்து அவுட்டோர் யூனிட்டுகளைக் கழுவிவிட்டு நேராக வந்திருந்தாள். பேன்ட் முழங்கால் வரை நனைந்திருந்தது.

“என்ன காரணம் சார்?”

“வியாழக்கிழமை ஐ.டி.ஐ.யில ஆள் எடுக்கிறோம். புது பேட்ச். நான் போய்ப் பேசினா பசங்க கொட்டாவி விடறானுங்க. நீ போ. இதே யூனிஃபார்ம்ல போ. ஒரு பொண்ணே இந்த வேலையைச் செய்யுதுன்னு பார்த்தா அவனுங்களுக்கு ரோஷம் வரும். பத்துப் பேர் சேர்ந்தா போதும். உன் பேரை மேல சொல்லிடறேன்.”

“சம்பளம் எவ்வளவுன்னு கேப்பாங்களே சார்.”

“பதினெட்டாயிரம் வரைன்னு சொல்லு.”

“எனக்கு எட்டாயிரத்துச் சொச்சம்தானே சார் வருது?”

“வரைன்னுதானே சொல்லச் சொன்னேன்? எட்டும் அதுக்குள்ளதானே இருக்கு?” என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

போன வருஷம் அவளிடமும் இதையேதான் சொன்னார்கள். அந்த ‘வரை’யை அப்போது அவள் காதில் வாங்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பதினெட்டாயிரம் என்றே சொன்னாள். முதல் மாதம் எட்டாயிரத்துச் சொச்சம் வந்தபோது ஏதோ பிடித்தம் செய்துவிட்டார்கள் என்று நினைத்துக் கணக்குப் பார்ப்பவரிடம் போய் விசாரித்தாள். அவர் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இருந்தாலும் அவளுக்கு அந்த ஓர் இடம் வேண்டும்.

அப்பா வேதமுத்து ஆவடி டாங்க் ஃபேக்டரியில் ஃபிட்டர். ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி அவருக்கு ரிட்டையர்மென்ட். ஸ்வீட்லினின் அப்ரன்டிஸ் வருஷமும் அதே தேதியில் முடிகிறது. ரிட்டையரானதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அம்மாவோடு நாசரேத்துக்கே போய்விடுவது என்று அவர் முடிவு செய்திருந்தார். மகள் விஷயத்திலும் தெளிவாகவே இருந்தார்.

“பெர்மனென்ட் ஆயிட்டுன்னா ஹாஸ்டல்ல விட்டுட்டுப் போறேன். இல்லன்னா எங்க கூட கிளம்பிரணும். ஒங்க மாமா துணிக்கடையில பில்லு போட ஆள் வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்கான்.”

ஸ்வீட்லினுக்குத் துணிக்கடையில் பில் போடப் பிடிக்கவில்லை. அவுட்டோர் யூனிட்டைத் திறந்து, எங்கே கோளாறு என்று கண்டுபிடித்து, தன் கையாலேயே கேஸ் நிரப்பி அதை ஓட வைக்க வேண்டும். வருஷம் முழுக்க அதைப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கத்தான் விட்டார்கள். பெர்மனென்ட் ஆனால் கையில் கொடுப்பார்கள்.

அப்பாவுக்கு இதில் சந்தேகமே இல்லை. டெஸ்டில் தேறினால் வேலை, அவ்வளவுதான். எண்பத்தைந்தில் அவர் அப்ரன்டிஸாக இருந்தபோது அப்படித்தான் நடந்தது. இரண்டு இரும்புத் துண்டுகளைக் கொடுத்து, ஒன்றுக்குள் ஒன்று பொருந்துகிற மாதிரி அரத்தால் ராவச் சொன்னார்கள். ஆபீசர் அதை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இடுக்கில் வெளிச்சம் தெரியவில்லை. மறு மாதமே வேலைக்கு ஆர்டர் வந்துவிட்டது.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்து வந்ததும் ஸ்வீட்லினின் ஐ.டி.ஐ. புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு கேள்வி கேட்பார்.

“கம்ப்ரஸர் சூடானா என்னென்ன காரணம்? சொல்லு.”

அவள் சொல்வாள்.

“நாலு சொன்ன. அஞ்சு போட்டிருக்கான்.”

“ஏங்க, சாப்பிட விடுங்க பிள்ளைய. கறி ஆறுது” என்று அம்மா ஞானசௌந்தரி அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பாள்.

“டெஸ்ட் பேப்பர்ல கறியா கேப்பான்?”

கம்பெனியில் டெஸ்ட் என்று ஒன்றே கிடையாது என்பது ஸ்வீட்லினுக்குச் சேர்ந்த மூன்றாம் மாதமே தெரிந்துவிட்டது. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தனக்குச் சம்பந்தமே இல்லாத அந்தப் புத்தகத்தில் அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை ஐ.டி.ஐ.க்குச் சரணின் வண்டியில் போனாள். சரண் அண்ணனூர்க்காரன். கம்பெனியில் சீனியர் டெக்னீஷியன். வாசலில் டீ குடிக்கும்போது கேட்டான்.

“இன்னா தங்கச்சி, இன்னா பேசப் போற?”

“பதினெட்டு வரைன்னு சொல்லச் சொல்லிருக்காரு.”

“சொல்லிடு. உண்மைய சொன்னா ஒருத்தன் வரமாட்டான். என்னையும் அப்டித்தான் இட்டுகினு வந்தான். எனக்குச் சொன்னவன் இப்ப துபாய்ல கீறான்.”

“உன்னை மட்டும் எப்படிண்ணா பெர்மனென்ட் பண்ணாங்க?”

“அந்த வருசம் ரெண்டு பேரு பாதியில ஓடிட்டானுங்க. ஆளு இல்ல, வச்சுகினாங்க. வேற இன்னா, என் அழக பார்த்தா?”

ஒர்க்‌ஷாப் ஷெட்டில் அறுபது பையன்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் போனில் மூழ்கியிருந்தார்கள். கம்பெனி பேனரில் ஸ்வீட்லினின் படத்தையே போட்டிருந்தார்கள். படத்தில் அவள் கையில், இதுவரை தொட விடாத, கேஸ் நிரப்புகிற மீட்டர் இருந்தது. படம் எடுக்கும்போது மட்டும் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டார்கள்.

கம்பெனியைப் பற்றி எழுதிக்கொடுத்ததை ஒப்பித்தாள். எத்தனை கிளை, எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை ஆபீஸ். முடித்ததும் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

“என் பேர் அஸ்வின்க்கா, பூந்தமல்லி. கைக்கு எவ்ளோ வரும்?”

போன வருஷம் இதே ஷெட்டில் அவளும் இதைத்தான் கேட்டிருந்தாள். வாய் வரை வந்த பதினெட்டு அங்கேயே நின்றுவிட்டது.

“எட்டாயிரத்துச் சொச்சம்” என்றாள்.

போனில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

“பெட்ரோல் உங்க காசு. ஆறு மாசம் ஃபில்டர் கழுவணும், யூனிட் தூக்கணும். மொட்டை மாடி வெயில்ல நிக்கணும். கேஸ் நிரப்புறதை வருஷம் முழுக்கப் பார்க்க மட்டும்தான் விடுவாங்க. கடைசியில எங்க பேட்ச்ல பன்னிரண்டு பேர்ல ஒருத்தரை எடுப்பாங்க. மத்தவங்க வேற இடம் பாத்துக்கணும்.”

வாசலில் நின்ற சரண் தலையில் கை வைத்துக்கொண்டான். போயிற்று என்று நினைத்தாள் ஸ்வீட்லின். நாசரேத், துணிக்கடை, பில்.

அஸ்வின் இன்னும் உட்காரவில்லை. “அந்த எட்டாயிரம் மாசாமாசம் கரெக்டா வந்துடுமாக்கா?”

“ஏழாம் தேதி வந்துடும்.”

“அப்ப பரவால்ல” என்றான்.

பின்னால் ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம் சொல்வது கேட்டது. “போன வாரம் வந்த கம்பெனிக்காரன் இருபத்தஞ்சுன்னான் மாமே. எங்க அண்ணன் அங்கதான் கீறான். மூணு மாசமா பத்து பைசா வர்ல. இந்தக்கா உள்ளத சொல்து.”

அன்று இருபத்து மூன்று பேர் பெயர் கொடுத்தார்கள்.

திரும்பும்போது சரண் வண்டியை ஓட்டிக்கொண்டே, “நீ எலக்சன்ல நிக்கலாம்” என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நாளாக இப்படிச் சிரித்ததே இல்லை.

ஜெகதீசனுக்கும் சந்தோஷம்தான். அவளுக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார். மேலே பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். ஒரு வாரம் போயிற்று. இரண்டு வாரமும் போயிற்று. சீசன் முடிந்து சாயங்காலங்களில் மழை பிடித்துக்கொண்டது. சர்வீஸுக்கு வரும் போன்கள் பாதியாகக் குறைந்தன. மாதக் கடைசியில் அவளைக் கூப்பிட்டார்.

“உட்காரும்மா.”

இந்த ஒரு வருஷத்தில் அவர் உட்காரச் சொன்னதே இல்லை. அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

“உன் பேரைத்தான் சொன்னேன். சத்தியமா சொன்னேன். இருபத்து மூணு பேர் எட்டாயிரத்துக்கு வர்றப்ப பதினெட்டு குடுத்து எதுக்கு ஒரு பெர்மனென்ட் ஆள்னு கேக்கறாங்க. அந்தப் போஸ்ட்டையே எடுத்துட்டாங்க.”

“நீங்கதானே சார் ஆள் கொண்டு வரச் சொன்னீங்க?”

“பத்துப் பேர்தானேம்மா கேட்டேன். நீ இருபத்து மூணு கொண்டு வந்துட்டே.” அவர் பேனாவின் மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். “ஒண்ணு பண்ணலாம். ஒரே டிரேட்ல மறுபடி போட முடியாது. எலக்ட்ரீஷியன்னு வேற டிரேட் பேர்ல இன்னொரு வருஷம் அப்ரன்டிஸாவே போட்டுக்கறேன். அதே ஸ்டைபண்ட். மத்த ஐ.டி.ஐ.க்கும் நீ போய்ப் பேசலாம். நல்லாப் பேசறே.”

வெளியே வந்து அம்பத்தூரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போன் செய்தாள். அவர்கள் சொன்ன வாடகையைக் கொடுத்தால் எட்டாயிரத்தில் மிச்சம் எதுவும் நிற்காது. நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

வீட்டில் பாதிச் சாமான் மூட்டை கட்டியாகியிருந்தது. அப்பா சணல் கயிற்றால் ஒரு மரப்பெட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“என்னை எடுக்கலப்பா” என்றாள்.

அவர் கயிற்றை விடவில்லை. “டெஸ்ட் எப்ப நடந்துச்சு? சொல்லவே இல்ல?”

“டெஸ்டே கிடையாதுப்பா. அங்க டெஸ்ட்னு ஒண்ணு வைக்கிறதே இல்ல. எங்க பேட்ச்ல யாரையுமே எடுக்கல.”

“டெஸ்ட் வைக்காம ஒருத்தன எப்படி எடுப்பான், ஒருத்தன எப்படித் தள்ளுவான்?”

“குறைஞ்ச காசுக்குப் புது ஆள் கிடைச்சா தள்ளிடுவாங்க.”

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டாள். அப்பாவின் முகத்தில் கோபம் இல்லை. பாவம், சொல்லக் கூச்சப்படுகிறாள் என்கிற பார்வை அது.

“தேறலன்னா தேறலன்னு சொல்லுததுக்கு என்ன? எங்க செட்டுலயும் நாலு பேரு போனானுவோ. மறுபடி எழுதி வந்தானுவோ. நான் வந்து கேக்கேன்.”

“நீங்க வர வேண்டாம்ப்பா.”

“நீ சும்மா இரு.”

செப்டம்பர் ஒன்றாம் தேதி, திங்கட்கிழமை, அவள் யூனிஃபார்மையும் அடையாள அட்டையையும் ஒப்படைக்கப் போனாள். அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஸ்கூட்டரில் அவளுக்குப் பின்னால் ஏறிக்கொண்டார். நாற்பது வருஷத்தில், லீவும் போடாமல் உடம்புக்கும் ஒன்றும் இல்லாமல் அவர் வேலைக்குப் போகாத முதல் திங்கட்கிழமை அது.

கம்பெனி வாசலில் புது பேட்ச் வரிசையில் நின்றது. முன்னால் அஸ்வின் நின்றான். அவளைப் பார்த்ததும் கை ஆட்டினான். ஜெகதீசன் அவர்களிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா நேராக அவரிடம் போனார்.

“சார், நான் ஸ்வீட்லின் அப்பா. டாங்க் ஃபேக்டரில ஃபிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். ஒங்ககிட்ட சண்டைக்கு வரல. பிள்ளைக்கு இன்னொரு வாட்டி டெஸ்ட் வையுங்க, அவ்வளவுதான். நான் படிக்க வச்சிருக்கேன், எழுதிருவா.”

ஜெகதீசன் ஒரு விநாடி விழித்தார். ஸ்வீட்லினைப் பார்த்தார். வரிசையில் நின்ற பையன்களைப் பார்த்தார். பிறகு அப்பாவின் தோளில் மெல்லக் கை வைத்தார்.

“தியரில நல்லாத்தான் பண்ணிருந்தா சார். பிராக்டிகல்லதான் கொஞ்சம் போயிடுச்சு.”

“அப்படிச் சொல்லுங்க” என்றார் அப்பா. ஒரு வாரமாக முகத்தில் இருந்த குழப்பம் அப்படியே வடிந்தது. “பிராக்டிகல் முக்கியமாச்சே. நியாயம்தான். மறு டெஸ்ட் உண்டா?”

“இந்த வருஷம் முடிஞ்சுடுச்சு சார்.”

“சரி சார். ரொம்ப தேங்க்ஸ்.” அவர் ஜெகதீசனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஸ்வீட்லின் ஜெகதீசனைப் பார்த்தாள். இவர் பொய் சொல்கிறார் என்று இங்கேயே, இத்தனை பேர் முன்னால் சொல்லலாம். அப்பா நம்ப மாட்டார். நம்பினால் அதைவிட மோசம். அவர் நாற்பது வருஷமாக நம்பியதைப் பொய் என்று எந்த வாயால் சொல்வது?

வரிசையிலிருந்து அஸ்வின் ஓரடி முன்னால் வந்தான். கை ஆட்டியபோது இருந்த சிரிப்பு இப்போது இல்லை.

“அக்கா, டெஸ்ட் இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லியே?”

“அது இல்ல அஸ்வின்...”

“எல்லாத்தையும் சொன்னீங்க. இத மட்டும் மறைச்சுட்டீங்க. நாங்க புக்கையெல்லாம் எடைக்குப் போட்டுட்டு வந்து நிக்கறோம்.”

“உங்களை நம்பித்தானே வந்தோம்?” என்றான் பின்னால் இருந்தவன். பிறகு ஜெகதீசனிடம், “சார், டெஸ்ட்டுல எந்தப் பாடம்லாம் வரும்?” என்று கேட்டான்.

“எல்லாம் வரும்பா. முதல்ல உள்ள வந்து வேலையக் கத்துக்கோ” என்றார் ஜெகதீசன்.

பையன்கள் உள்ளே போனார்கள். அஸ்வின் திரும்பிப் பார்க்காமல் போனான். ஸ்வீட்லின் யூனிஃபார்மையும் அட்டையையும் வாட்ச்மேனிடமே கொடுத்துவிட்டு வந்தாள்.

சி.டி.எச். ரோடு சிக்னலில் வண்டி நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த அப்பா கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.

“பிராக்டிகல்ல எதுல போச்சுன்னு கேட்டியா?”

“கேக்கலப்பா.”

“கேட்டிருக்கணும்மா. தெரிஞ்சாத்தான அடுத்த வாட்டி சரி பண்ண முடியும்?” மழை தூறத் தொடங்கியது. அவர் கைக்குட்டையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். “போவட்டும் விடு. தூத்துக்குடிப் பக்கம் எந்தக் கம்பெனியாவது டெஸ்ட் வப்பான். அதுவரைக்கும் மாமா கடையில இரு. ராத்திரில நான் சொல்லித்தாரேன்.”

“சரிப்பா” என்றாள் ஸ்வீட்லின்.