பத்துப் பக்கம் மிச்சம்

தலைமாட்டு விளக்குக்கு எண்ணெய் எங்கே என்று லீலாவதி கூடத்திலிருந்து கத்திக்கொண்டிருந்தாள். பிரவீணா அறைக்குள் கட்டிலுக்கு அடியில் குப்புறப் படுத்துக் கையைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். அவள் தேடியது எண்ணெயை அல்ல, ஒரு புத்தகத்தை.

கைக்கு அகப்பட்டது ஒரு காலி மாத்திரை அட்டையும் மாமனாரின் ஒற்றைச் செருப்பும்தான்.

"மனுசன் செத்துக் கெடக்குறாரு, இவ கட்டுலுக்கு அடியில என்னாத்தத் தேடுறா?" லீலாவதி வாசற்படிக்கே வந்துவிட்டாள். பிரவீணாவின் நாத்தனார் அவள். பெரம்பலூரில் கட்டிக்கொடுத்தது. திருமானூருக்கு எப்போதாவது வருவாள். பொங்கலுக்கு வந்தவள், அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது என்று போன் போனதும் நேற்றுத்தான் மறுபடி பஸ் ஏறி வந்திருந்தாள்.

"எண்ணெ அடுப்படியில ரெண்டாவது தட்டுல இருக்கு அண்ணி."

"எடுத்து ஊத்த ஒனக்குக் கை இல்லியா?"

ஏன் இல்லை? ஒன்றரை வருடமாக அந்த மனிதருக்குப் பீக்கோப்பை தாங்கிய கைதான். அப்போது இந்த அண்ணியின் கை எங்கே போயிருந்தது? பிரவீணா பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள்.

மாமனார் அய்யம்பெருமாள் விடியற்காலையில் போய்விட்டார். அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் எடைமேடையில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்தவர். சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று இறங்கி அடுத்தது ஏறுவதற்குள் நான்கு பக்கம் படித்துவிடுவார். எல்லாம் துப்பறியும் நாவல்கள், எல்லாம் ஒரே எழுத்தாளர் எழுதியவை. "நம்ம ஆளு" என்பார், ஏதோ பங்காளியைச் சொல்வதுபோல. நம்ம ஆளு மாதத்துக்கு இரண்டு, மூன்று என்று எழுதித் தள்ளி நானூறைத் தாண்டிவிட்டார். மாமனார் ஒன்றுவிடாமல் எண் போட்டு, இரும்பு ரேக்கில் அடுக்கி வைத்திருந்தார்.

கல்யாணமாகி வந்த புதிதில் அந்த ரேக்கின் முன்னால் நின்று பிரவீணா மலைத்துப்போனாள். "இவ்ளோ இருக்கே மாமா, எதுலருந்து ஆரம்பிக்கிறது?"

"மொதல்லருந்து ஆரம்பிச்சிராத ஆயி. அப்ப நம்ம ஆளுக்குக் கை திருந்தல. கடைசியா வந்ததும் வேணாம், அவருக்கும் வயசாயிருச்சு. செவப்பு டிக் போட்டதா பாத்து எடு."

கடைசிப் பத்துப் பக்கம் இருக்கும்போது புத்தகத்தை மூடி, கொலை செய்தது இன்னார் என்று அவர் சொல்லிவிடுவார். அநேகமாகச் சரியாக இருக்கும். சரியாக இருந்தால் முகம் தொங்கிப்போகும். தப்பாகப் போனால்தான் கொண்டாட்டம். "ஏமாத்திட்டான் பாத்தியா, படுபாவி!" என்று தொடையில் அடித்துக்கொண்டு சிரிப்பார். அந்தப் புத்தகத்துக்கு முதல் பக்கத்தில் சிவப்பு டிக் விழும். அவரைத் தோற்கடித்தவை மொத்தமே பத்தொன்பது. பிரவீணா அந்தப் பத்தொன்பதில் ஆரம்பித்து, அப்புறம் பாதி ரேக்கைத் தின்று தீர்த்தாள். சர்க்கரையில் அவர் கண் போனதும், அவளே அவருக்குப் படித்துக் காட்டினாள்.

இருநூற்று நாற்பத்தொன்று மட்டும் அவரிடம் இல்லை. அது வந்த மாதம் மாமியார் பொன்னுத்தாய் திருச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தார். கடைப்பக்கம் போக நேரம் ஏது? அப்புறம் இருபது வருடம் தேடியும் கிடைக்கவில்லை. போன வாரம் கும்பகோணத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் அது பிரவீணாவின் கண்ணில் பட்டது. கொண்டுவந்து மாமனார் கையில் வைத்தபோது அவர் அதை முகர்ந்து பார்த்தார். ஐந்து நாளாக, மூச்சு விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டு வந்தார். நேற்றுச் சாயங்காலம் கடைசிப் பத்துப் பக்கம் வந்தது.

"நிறுத்து ஆயி. டிரைவர்தான் கொன்னான். எழுதி வச்சுக்க. இப்பப் படி."

அப்போதுதான் லீலாவதி பையோடு உள்ளே நுழைந்தாள். "அடிப்பாவி! வெளக்கு வைக்கிற நேரத்துல, உசுருக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்குற மனுசனுக்குக் கொலக் கதையா படிக்கிற? ஒரு சாமி பாட்டு போட மாட்டியா? டேய் அறிவு, நீயும் பாத்துக்கிட்டுத்தான் நிக்கிறியா?"

அறிவரசன், பிரவீணாவின் புருஷன், அக்கா முன்னால் ஆம்பிளை ஆகிவிட்டான். புத்தகத்தை வெடுக்கென்று பிடுங்கினான். கிழவர் பார்வையில்லாத கண்ணோடு அந்தத் திசையில் கையை நீட்டினார்.

"இன்னும் பத்து பக்கம்தான்டா."

அவர் கடைசியாகப் பேசியது அதுதான். பிறகு நினைவு தப்பிவிட்டது.

இதையும் கேளுங்கள். காலையிலிருந்து வருகிற ஒவ்வொருத்தர் கழுத்தையும் கட்டிக்கொண்டு லீலாவதி சொல்லிக்கொண்டிருந்தாள்: "லீலா, லீலான்னு எம் பேரச் சொல்லித்தான் கண்ண மூடுனாரு எங்கப்பா." அறிவரசன் பக்கத்தில் நின்று தலையாட்டினான். பொய் சொல்ல வாய் கூசவில்லை, தலையாட்டக் கழுத்தும் வலிக்கவில்லை.

எண்ணெய்க் கிண்ணத்தோடு கூடத்துக்கு வந்து, விளக்கருகே குனிந்தாள். குனிந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டாள்.

மாமனாரைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் ஒரு காலுக்கு அடியில், மடங்கி நசுங்கிக்கொண்டு, இருநூற்று நாற்பத்தொன்று கிடந்தது.

"யாரு இத இங்க வச்சது?"

"தர மேடு பள்ளமா இருக்குல்ல, பெட்டி ஆடுச்சு," என்றான் அறிவரசன். "கைக்குக் கெடச்சத வச்சேன். இப்ப அதுக்கு என்னா?"

பிரவீணா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். கொல்லைக்குப் போனாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கிடந்த செங்கல் சில்லுகளைப் புரட்டி, புத்தகத்தின் கனத்துக்கு ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். ஒப்பாரி நடுவில், பெட்டிக்கு முன்னால் நின்றாள்.

"தூக்குங்க."

"என்னாது?"

"பெட்டியத் தூக்குங்கன்னேன்."

"பைத்தியம் புடிச்சிருச்சா ஒனக்கு? ஊரே பாக்குது!"

"பாக்கட்டும். நீங்க தூக்குறீங்களா, நான் தூக்கவா? சாஞ்சா ஒங்கப்பாதான் சாய்வாரு."

ஒப்பாரி நின்றது. அறிவரசன் அவள் முகத்தைப் பார்த்தான். ஒன்பது வருடத்தில் அப்படி ஒரு முகத்தை அவன் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டு அங்கமுத்து ஒரு கை கொடுக்க, பெட்டி அரை அடி உயர்ந்தது. புத்தகத்தை உருவிக்கொண்டு சில்லைச் செருகினாள்.

"ஆத்தாடி, இப்படி ஒரு மருமவளா!" என்று லீலாவதி மார்பில் அடித்துக்கொண்டாள்.

கொல்லையில் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து பிரவீணா பத்துப் பக்கத்தையும் படித்தாள். உள்ளே காப்பிக்குச் சர்க்கரை கேட்டார்கள். கேட்கட்டும். கடைசி வரி வரை படித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஒரு தரம் படித்தாள். அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. டிரைவர் இல்லை.

அவருடைய சிவப்புப் பேனா ரேக்கின் ஓரத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. முதல் பக்கத்தைத் திருப்பி ஒரு டிக் போட்டாள். பிறகு அந்தக் கடைசிப் பத்துப் பக்கத்தையும், ஐந்து தாளாக, கிழித்த தடம் தெரியாமல் எடுத்து, நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். புத்தகத்தை ரேக்கில் அதன் எண்ணுக்குரிய இடத்தில் வைத்தாள்.

குளிப்பாட்டிக் கோடி போர்த்திய பிறகு, வாய்க்கரிசி போடப் பெண்களைக் கூப்பிட்டார்கள். பிரவீணா அரிசியைப் போட்டாள். கோடியைச் சரிசெய்வதுபோல மடித்த தாளை அவர் நெஞ்சோரம் துணிக்கு அடியில் தள்ளினாள். குனிந்து காதருகே வாயை வைத்தாள்.

"தோத்துட்டீங்க மாமா. டிரைவர் இல்ல." கொன்றது யார், எப்படி என்று எல்லாவற்றையும் சொன்னாள். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"காதுல சாமி பேரு சொல்லுது பாரு, புள்ள," என்றாள் கூட்டத்தில் ஒரு கிழவி. "மருமவள்னா இப்படி இருக்கணும்."

கொள்ளிடக் கரையில் புதைத்துவிட்டு வந்தார்கள். மறுநாள் பால் தெளித்த பிறகு லீலாவதி பெரம்பலூருக்கு பஸ் ஏறினாள். போகும்போது அந்த ரேக்கை எடைக்குப் போட்டுவிடச் சொன்னாள்.

அறிவரசன் மழித்த தலையோடு வெகுநேரம் ரேக்கின் முன்னால் நின்றிருந்தான். வீட்டில் சத்தமே இல்லை. பிரவீணா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அப்பா அப்படி என்னாதான் படிச்சாருன்னு பாக்கலாம்னு இருக்கு," என்றான், அவள் பக்கம் திரும்பாமல். "எதுலருந்து ஆரம்பிக்கணும்?"

பிரவீணா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இருநூற்று நாற்பத்தொன்றை எடுத்து நீட்டினாள்.

அட்டையில் பெட்டிக்கால் பதிந்த வட்டத்தை அவன் விரலால் தடவிப் பார்த்தான். முதல் பக்கத்தைத் திருப்பினான். "டிக் போட்டிருக்கே. இதுல அப்பா தோத்துட்டாரா?"

"ஆமா."

அவன் அப்பாவின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தான். சோற்றுக்குக் கூப்பிட்டபோதும் எழுந்து வரவில்லை. பொழுது சாய்கிற நேரத்துக்கு முக்கால் புத்தகத்தைத் தாண்டியிருந்தான். வெளிச்சம் போதாமல் தாளை முகத்துக்குக் கிட்டே பிடித்திருந்தான்.

பிரவீணா போய் லைட்டைப் போட்டுவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள்.