இருபத்தைந்தாவது கைப்பிடி

முதலாளிக்குப் பட்டறையில் வைத்த பெயர் பம்பரம். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். கால் ஒரு இடத்தில் தரிக்காத மனிதர். அன்று காலை மட்டும் உலைக்கும் பாலிஷ் மேஜைக்கும் இடையே பத்து தடவை நடந்துவிட்டார். எதிர்பார்த்த போன் வரவில்லை. எடுத்து எடுத்துப் பார்த்தால் வந்துவிடுமா என்ன?

அவர்கள் செய்வது மேஜை இழுப்பறைக்கான பித்தளைக் கைப்பிடி. உள்ளூர்க் கடைகளுக்கு முப்பது வருடமாகப் போகிறது. மகள் நல்ல வேலையை உதறிவிட்டு வந்து, ஒன்றரை வருடம் நாயாய் அலைந்து, கடல் தாண்டி ஒரு வாடிக்கையாளரைப் பிடித்தாள். எண்ணூறு பெட்டி, பெட்டிக்கு இருபத்துநாலு கைப்பிடி. ஏற்றுமதித் தாள்கள் அத்தனையிலும் அவள் கையெழுத்து.

அந்த முதல் கன்டெய்னர் அங்கே துறைமுகத்தில் நான்கு நாட்களாக நிற்கிறது. தாளில் இருந்த எடையும் தராசு காட்டிய எடையும் ஒத்துப்போகவில்லையாம். பொய்க்கணக்கு என்று முடிவானால் மகளின் பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறும். அதற்குப் பிறகு அவள் பெயரில் ஒரு ஆணிகூடக் கப்பல் ஏறாது.

எடை எப்படிக் கூடியது என்று அவள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குத் தெரியும். பெட்டிக்கு ஒன்று கூடுதலாகப் போடச் சொன்னவரே அவர்தான். கொசுறு. உள்ளூரில் இத்தனை வருடமும் அப்படித்தான். புது ஆளுக்கு முதல் சரக்கு, வெறும் எண்ணிக்கையோடு அனுப்பினால் என்ன மரியாதை என்று நினைத்தார். சொன்னால் வேண்டாம் என்பாள் என்று மகளிடம் சொல்லவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். நாலு நாளாகியும் வாய் திறக்கவில்லை மனிதர்.

பதினொரு மணிக்கு வாடிக்கையாளரே கூப்பிட்டார். மகள் அலுவலக அறையில் போனை எடுத்தாள். அறை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஓடாத மின்விசிறி ஒன்று. அவர் கதவருகே வந்து நின்றார். கேட்கக் கேட்க அவள் முகம் வெளுத்தது. போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"பெட்டியத் திறந்து எண்ணியிருக்காங்கப்பா. எல்லாத்துலயும் இருபத்தஞ்சு இருக்காம்."

"நான்தான் போடச் சொன்னேன். கொசுறும்மா. சந்தோஷப்படட்டுமேன்னு."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அவரைப் பார்த்தபடியே அந்த ஆளின் மொழியில் அதைச் சொன்னாள். மறுமுனை ஏதோ கேட்டது.

"இருபத்துநாலுல ஒண்ணு உடையும்னு உங்களுக்கே தெரியுமான்னு கேக்கறார். இல்லேன்னா எதுக்கு உபரியா ஒண்ணு?"

பம்பரத்துக்குச் சுருக்கென்றது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறானே!

"உடையுமா? என் சரக்கா? அவர்கிட்ட சொல்லு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றுவிட்டார்.

பட்டறை தொடங்கிய புதிதில் வார்ப்புக்குள் காற்று தங்கி ஊசித்துளை விழும். எந்தக் கைப்பிடி உடையும் என்று வெளியே தெரியாது. கடைக்காரர்கள் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். அந்த வாயை அடைக்கத்தான் பெட்டிக்கு ஒன்று கூடப் போட ஆரம்பித்தார். பிறகு உலை மாறியது, வார்ப்பு திருந்தியது, உடைவது நின்றது. கூடப் போடுவது மட்டும் நிற்கவில்லை. எந்த வருடத்திலிருந்து அதற்குப் பெருந்தன்மை என்று பெயர் வைத்தார் என்பது அவருக்கே நினைவில்லை. வெட்கமாக இருந்தது.

"ஆமான்னு சொல்லும்மா. ஆரம்பத்துல அதுக்குத்தான் போட்டேன். இப்ப உடையறதில்ல, பழக்கம்தான் போகல. உனக்குத் தெரியாம செஞ்சேன், அதையும் சொல்லு."

"சொன்னா ஆர்டர் போயிடும்பா."

"சொல்லலேன்னா உன் பேரு போயிடும்."

சொன்னாள். அதற்கப்புறம் பேச்சு நீண்டது. அவர் வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்தார்.

போனை வைத்துவிட்டு மகள் சொன்னாள்: "நடந்தத நீங்க எழுதிக் குடுக்கணும். துறைமுகத்துல அத வச்சு என் பேர விட்டுடுவாங்களாம். சரக்க சோதிச்சுப் பாத்து எடுத்துக்கறேங்கறார். அடுத்த ஆர்டரும் உண்டு. ஆனா அதுக்கு யாரு கையெழுத்துப் போடுவாங்கன்னு கேக்கறார்."

"நீதான், வேற யாரு?"

"நான் மாட்டேன்பா. நீங்க கட்டற பெட்டிக்கு நான் போடமாட்டேன்."

அவருக்கு நடக்கக்கூடத் தோன்றவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப நீ கட்டு. நான் போடறேன்," என்றார்.

இரண்டு மாதம் கழித்து அடுத்த சரக்கு தயாரானது. பெட்டி கட்டும் அறைக்குள் அவரை அவள் எட்டிப்பார்க்கவும் விடவில்லை. இந்தத் தடவையும் எண்ணூறு பெட்டி, எல்லாம் வாய் ஒட்டி அலுவலக வாசலில் அடுக்கியிருந்தன. தாளை அவர் முன்னால் வைத்தாள். அவர் மேலே இருந்த ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். காதருகே ஆட்டியும் பார்த்தார்.

"திறந்து எண்ணணுமாப்பா?"

எண்ணத்தான் கை பரபரத்தது. "வேணாம்மா," என்றார்.

பேனா தாளில் பட்ட இடத்திலேயே நின்றது. உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காமல் எப்படிப் பெயரை எழுதுவது? போன தடவை இதே மேஜையில் அவள் கையெழுத்துப் போட்டபோது ஒரு கலக்கமும் இல்லாமல்தான் போட்டாள். அப்பா கட்டிய பெட்டி என்று அப்போது சிரித்தாள்கூட.