நாளுக்கொரு சந்தேகம்

குடியிருப்போர் சங்கத்துக்கு ஆறு வருஷம் தலைவராக இருந்ததால் வீட்டுக்குள்ளும் அவருக்குத் தலைவர் என்றே பெயர். பட்டம் கொடுத்தது மனைவி. அதில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று அவர் விசாரித்ததில்லை.

அவர் பதவிக்காலத்தின் மாபெரும் சாதனை, முன்வாசலில் மனைவி வளர்த்த நான்கு ரோஜாச் செடிகளைப் பிடுங்கிவிட்டு, கார் நிறுத்த சிமெண்ட் தளம் போட்டது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதையே சம்மதம் என்று மனசுக்குள் தீர்மானம் நிறைவேற்றிக்கொண்டார். அடுத்த மாதம் மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போனவள், பேரன் பிறந்து, தவழ்ந்து, ஓட ஆரம்பித்தும் திரும்பவில்லை. "வரேன், வரேன்" என்பாள். தேதி மட்டும் சொல்லமாட்டாள்.

"வந்துடு" என்று அவர் கேட்டிருக்கலாம். நூறு பேர் கூட்டத்தில் மைக் இல்லாமல் முழங்கியவருக்கு அந்த ஒரு சொல் தொண்டையைத் தாண்டவில்லை. பதிலாகத் தளத்தை உடைக்கக் கொத்தனாரைக் கூப்பிட்டார்.

"எந்தப் புண்ணியவான் சார் போட்டது? கடப்பாரையே வளையுது."

"நான்தான்."

"அதானே பாத்தேன்," என்று சொல்லிவிட்டுக் கொத்தனார் மறுபடி ஓங்கினார்.

அடியில் மண்ணே இல்லை. செங்கல் துண்டும் ஜல்லியும்தான். அதையெல்லாம் அள்ளிக் கொட்டி, இரண்டடிக்குக் குழி எடுத்து, செம்மண்ணும் மணலும் கலந்து... ரோஜாச் செடி விற்ற நர்சரிக்காரர் நடும் செய்முறை முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லியிருந்தார். தலைவர் எழுதியும் வைத்திருந்தார். ஆனாலும் தினமும் மாலை ஐந்து மணிக்கு மனைவிக்கு ஃபோன் போட்டு, அந்தத் தாளிலிருந்தே ஒன்றைக் கேட்பார். ஒன்றே ஒன்று. மிச்சம் நாளைக்கு.

"குழியில தண்ணி ஊத்திப் பாக்கணுமாமே?"

"ஊத்துங்க. ரெண்டு மணி நேரத்துல வடியணும். தேங்கி நின்னா வேர் அழுகிடும்."

மறுநாள் எரு. "பச்சைச் சாணியப் போட்டுடாதீங்க, செடி வெந்துடும். நல்லா மக்கினதாப் பாருங்க." அதற்கடுத்த நாள் ஒட்டு. "ஒட்டுக் கட்டின இடம் மண்ணுக்கு மேல ரெண்டு விரல் தெரியணும், புதைச்சிடாதீங்க." பின்னால் பேரன் பாத்திரத்தை உருட்டும் சத்தம் கேட்கும். ஃபோனை வைத்ததும் வீடு கூட்டம் கலைந்த மண்டபம் மாதிரி ஆகிவிடும்.

நான்கு செடியும் நட்டாயிற்று. தாளும் தீர்ந்தது. செடிகளோ அவர் கஷ்டம் புரியாமல் தளதளவென்று வளர்ந்தன. ஒரு பூச்சி கிடையாது, ஒரு இலை சுருளவில்லை. தலைவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் குறை தேடினார். சங்கத்தில் அவரை எதிர்த்தவர்கள்கூட இப்படித் தேடியதில்லை. ஃபோன் போடாமல் மூன்று வாரம் தாக்குப்பிடித்தார்.

"இலையில கரும்புள்ளி விழுந்திருக்கு."

"மேல் இலையா, கீழ் இலையா?"

"நடு இலை."

"சுத்தி மஞ்சளா இருக்கா?"

"லேசா."

"ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க."

தலைவர் செடியைப் பார்த்தார். அது பச்சைப் பசேலென்று நின்றது.

"புள்ளியெல்லாம் இல்ல," என்றார்.

"தெரியும். நர்சரிக்காரர்கிட்ட கேக்காம குழி வெட்டுற ஆளா நீங்க? நானும் எத்தனை நாள் போகுதுன்னு பாத்தேன்."



"அந்தத் தளத்த நான் போட்டிருக்கக் கூடாது," என்றார் அவர். குரல் அவருக்கே யாருடையதோ போலிருந்தது. "நீ வந்துடேன்."

அந்தப் பக்கம் பேரனின் பாத்திரமும் நின்றுவிட்டது.

"மொட்டு விட்டிருக்கா?"

"மூணு. ஒண்ணுல செவப்புகூட தெரியுது."

"மூணையும் கிள்ளிடுங்க. மொதல்ல வேர் பிடிக்கட்டும். ஆறு ஏழு வாரத்துல மறுபடி பூக்கும். அந்தப் பூவப் பாத்துக்கலாம்."

"பாத்துக்கலாம்னா... நீயுமா?"

"மொதல்ல கிள்ளுங்க."

இரண்டைக் கிள்ளிவிட்டார். சிவப்பு தெரிந்த மொட்டின் கழுத்தில் விரலை வைத்தபடி வெகுநேரம் குந்தியிருந்தார். ஆறா ஏழா என்று அவள் உறுதியாகச் சொல்லவில்லை. ஏழு என்றே வைத்துக்கொண்டு, கிள்ளினார்.