தலையில் கை வைத்துச் சொல்

கீத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒஸ்லோவில் ஒரு கப்பல் கம்பனியின் கன்ரீனில் அவன் தலைமைச் சமையல்காரன், இங்கிலாந்துக்காரன். நான் நேசமணி, மன்னாரிலிருந்து வந்தவள். எட்டு வருடமாக அங்கே சூப் காய்ச்சினேன்.

2006ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் ஒரு புதன்கிழமை, என் மீன் சூப்பைக் குடித்த விருந்தாளி ஒருவருக்குத் தொண்டை வீங்கிவிட்டது. அவருக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. அதை முதல் நாளே கீத்துக்கு எழுதி அனுப்பியிருந்தார்கள். அவன் அதைக் குசினிப் பலகையில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. சூப்பில் இறாலைப் போடச் சொன்னதும் அவன்தான்.

அன்று நான் செய்தது ஒரேயொரு பிழை. பயத்தில், எங்கள் கத்தோலிக்கப் பூசையில் சொல்வதுபோல, "என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே" என்று மூன்று முறை நெஞ்சில் அடித்துக்கொண்டேன். நாற்பது வருடப் பழக்கம். வீட்டில் கிளாஸ் உடைந்தாலும் கை தானாக நெஞ்சுக்குப் போகும். கன்ரீன் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. விருந்தாளி பிழைத்துக்கொண்டார், நான் மாட்டிக்கொண்டேன்.

அடுத்த நாள் கீத் ஒரு கடதாசியை நீட்டினான். பலகையில் எழுதியிருந்ததை நான் கவனிக்கவில்லை என்று அதில் இருந்தது. கையெழுத்து வைத்தால் என் வேலை போகும்.

"நெஞ்சில் அடித்து நீயே ஒப்புக்கொண்டாய், எல்லாரும் பார்த்தார்கள்," என்றான். பிறகு என் தோளில் தட்டிச் சிரித்தான். "கோபிக்காதே நேசா. எந்தக் குசினிக்கும் ஒரு ஸ்கேப்கோட் வேண்டும்."

ஒஸ்லோவின் ஓரத்தில், ஹவுகன்ஸ்டுவாவில் இருக்கிற வீட்டுக்கு வந்ததும் மகள் மேரினிடம் கேட்டேன்.

"ஸ்கேப்கோட் எண்டா என்ன பிள்ளை?"

"மற்றவை செய்த பிழைக்குப் பழி ஏற்கிற ஆள் அம்மா. பைபிள்ல வாற ஆடு, யூதரின்ர சடங்கு எண்டு எங்கட இங்கிலீஷ் ரீச்சர் சொன்னவ. ஏன், ஆர் உங்களைச் சொன்னது?"

"அந்த ஆடோ! அது எனக்குத் தெரியாதோ?"

தமிழ்ப் பூசையில் வாசகம் வாசிக்கிறவள் நான். லேவியர் நூலை எடுத்து வாசிக்க வாசிக்க இரத்தம் கொதித்தது. தலைமைக் குரு ஆரோன் அந்த ஆட்டின் தலையில் இரண்டு கைகளையும் வைத்து, தன் சனத்தின் பாவங்களை எல்லாம் அறிக்கையிடுகிறான். அதற்குப் பிறகுதான் ஆடு பாலைநிலத்துக்குப் போகிறது. ஆடு ஒரு குற்றமும் செய்யவில்லை என்பது அங்கே நிற்கிற சின்னப்பிள்ளைக்கும் தெரியும். இந்த இங்கிலீஷ்காரர் யூதருடைய ஆட்டை மட்டும் அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டார்கள். பாவ அறிக்கையை அங்கேயே விட்டுவிட்டார்கள்! குனியக் குனியக் குட்டுகிற கூட்டம்.

"சைன் வையாதேங்கோ அம்மா. பேசாமல் யூனியனுக்குப் போவம்."

"பேசாமல் போறதில்லை. பேசிப்போட்டுத்தான் போறது."

வெள்ளிக்கிழமை காலை மனேஜர் ரூனார் குசினி ஆட்கள் எல்லாரையும் கூப்பிட்டார். கீத் பேனையை நீட்டினான். நான் பேனையை வாங்காமல் அவனுடைய இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்து, குனிந்து, அவன் கைகளை என் தலையில் வைத்தேன். வெங்காயம் மணத்தது.

"ஸ்கேப்கோட் என்று சொன்னாய். சரி, முறைப்படி செய். இப்படிக் கை வைத்து உன் பாவத்தை எல்லாருக்கும் கேட்கச் சொல். அதுதான் அந்தச் சடங்கு. பாதிச் சடங்கு எனக்கு வேண்டாம்."

கீத் சிரித்துக்கொண்டே கையை இழுத்தான். தினமும் உருளைக்கிழங்குச் சாக்குத் தூக்குகிற கைகள் என்னுடையவை, விடவில்லை. அவன் சிரிப்பு நின்றது. வேறு யாரும் சிரிக்கவில்லை.

"பலகையில் எழுதினாயா, கீத்?" என்று ரூனார் கேட்டார்.

அவன் இன்னொரு முறை கையை இழுத்துப் பார்த்தான்.

"இல்லை," என்று முணுமுணுத்தான்.

"கேட்கவில்லை," என்றேன்.

"எழுதவில்லை. மறந்துவிட்டேன். இறாலைப் போடச் சொன்னதும் நான்தான்."

கையை விட்டேன். வேதத்தின்படி இனி ஆடு பாலைநிலத்துக்குப் போக வேண்டும். நான் அந்தக் கடதாசியை நாலாகக் கிழித்து அவன் சட்டைப் பையில் போட்டுவிட்டு, குசினிக்குப் போய் அன்றைய சூப்பை அடுப்பில் வைத்தேன்.