மூன்றாம் பாகம்

பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு மருந்து வாங்கும் வரிசை தீர்ந்தது. சுகுணா கம்பி வலையில் இருந்த சின்னக் கதவைச் சாத்தினாள். குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த அட்டைப்பெட்டியைத் திறந்தாள். உப்புச் சர்க்கரைப் பொட்டலங்கள் வந்த பெட்டி. இப்போது அதில் புத்தகங்கள்.

செவிலியர் பூவிழி சாப்பாட்டு டப்பாவுடன் உள்ளே வந்தாள்.

"அக்கா, மூணாம் பாகம்?"

"வரல."

"ரெண்டாம் பாகத்த முடிச்சிருக்கிற எடத்தப் பாத்தீங்களா? அவ எல்லைக்கல்லத் தூக்கிட்டு நிக்கிறா. காலுக்குக் கீழ மண்ணு நகருது. அதோட முடிஞ்சிருச்சு. எனக்குச் சோறு எறங்கல."

"டப்பா காலியா இருக்குதே."

"அது வேற."

காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகுணா மருந்தாளுநர். பதினோரு வருடமாக மாத்திரை கொடுக்கிறாள். ஆறு வருடமாக ஃபேன்டஸி நாவல்களும் கொடுக்கிறாள். இரண்டுக்கும் ஒரே முறைதான். முதலில் கேள்வி. செத்தவர்கள் திரும்பி வந்தால் ஒத்துக்கொள்ளுமா? ஒரு கதையில் எத்தனை பெயர் வரை நினைவிருக்கும்? எழுதியவர் இன்னும் முடிக்காத தொடர் என்றால் தாங்குவீர்களா? பதில் வந்த பிறகுதான் பெட்டியில் கை வைப்பாள். ஆய்வக உதவியாளர் அருள்குமாருக்கு டிராகன் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டே அத்தியாயத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டான். கடல் கதை ஒன்று கொடுத்தாள். ஒரே மாதத்தில் நான்கு பாகம் முடித்தான்.

பூவிழிக்குக் கொடுத்தது 'மண்விழுங்கி'. ஐந்து பாகம். நிலத்துக்கு அடியில் ஒரு மிருகம் இருக்கிறது. இரவுதோறும் கொஞ்சம் நிலத்தைத் தின்கிறது. விடிவதற்குள் எல்லைக்கல்லைப் பிடுங்கி உள்ளே தள்ளி நட வேண்டும். அந்த வேலை ஒரு குடும்பத்துடையது. குடும்பத்தில் அந்த வேலைக்கு மிஞ்சியவள் ஒரு பெண்.

மூன்றாம் பாகம் மட்டும் அச்சில் இல்லை. பதிப்பகத்துக்கு இரண்டு முறை போன் செய்தாயிற்று. சேலம் புத்தகக் கண்காட்சியில் தேடியாயிற்று. சுகுணாவின் பிரதியை மொரப்பூர் ரயில் நிலையத்தில் வேலை செய்யும் ஆரோக்கியராஜ் மார்ச் மாதம் வாங்கிப் போனார். இப்போது ஜூலை.

"மொரப்பூருக்கே போயி சங்கிலியப் புடிச்சு இழுத்துடுவன்" என்றாள் பூவிழி.

"ஸ்டேஷன்ல ஏதுடி சங்கிலி?"

"அவரு கழுத்துல இருக்கும்ல."

ஞாயிற்றுக்கிழமை சுகுணா அண்ணன் வீட்டுக்குப் போனாள். எட்டு கிலோமீட்டர். மாதம் ஒரு முறை போவாள். அம்மா தீர்த்தம்மாள் அங்கேதான் இருந்தாள். அப்பா கிருஷ்ணப்பன் இறந்து இரண்டு வருடம். மூன்று ஏக்கர் நிலம் இன்னும் அவர் பெயரிலேயே இருந்தது. அண்ணன் தமிழ்மணி உழுதான். அதைப் பற்றி யாரும் பேசியதில்லை.

சாப்பிட்டு முடித்ததும் ஆரோக்கியராஜ் கூப்பிட்டார். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. சுகுணா மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனாள். கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணி நிர்மலாதேவி விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். ஆரோக்கியராஜ் பேசியது அவளுக்குக் கேட்கவில்லை. சுகுணா பேசியது கேட்டது.

"இல்லைங்க. இதுக்கு மேல பொறுக்க முடியாதுங்க. மூணாம் பாகம் எனக்கு வந்தாவணும்."

நிர்மலாதேவியின் கை நின்றது.

"இத்தன நாளா நானும் வாயத் தொறக்கல."

"..."

"பொம்பளைங்களுக்கு எதுக்குன்னு கேட்டாரா? அதச் சொல்ல அவரு யாருங்க?"

"..."

"சொந்தக்காரர்னு மூஞ்சியப் பாத்தா ஆவாதுங்க. கேட்டு வாங்கிடுங்க. இல்லன்னா நானே நேர்ல வந்து நிப்பன்."

ஆரோக்கியராஜ் புத்தகத்தைத் தன் மச்சானுக்குக் கொடுத்திருந்தார். மச்சான் ஜோலார்பேட்டையில் இருந்தார். சண்டைக் கதையெல்லாம் பெண்கள் படிக்கிறார்களா என்று கேட்டது அவர்தான். நிர்மலாதேவிக்கு இது எதுவும் தெரியாது. அவள் உரித்த கடலையை முறத்தில் போட்டாள். தோலையும் முறத்தில் போட்டாள். பிறகு எழுந்து போய்க் காதில் விழுந்ததைத் தமிழ்மணியிடம் சொன்னாள்.

அன்று மாலை சுகுணாவைப் பேருந்து நிறுத்தத்தில் விட்டபோது தமிழ்மணி ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியில் பெட்ரோல் தீரப் போகிறதோ என்று சுகுணா நினைத்தாள்.

வீட்டுக்குத் திரும்பி வந்தவனிடம் நிர்மலாதேவி கேட்டாள்.

"உங்ககிட்ட எதாச்சும் கேட்டாளா?"

"இல்ல."

"நேரா கேக்க மாட்டா போல. மொரப்பூர்ல யாரையோ வெச்சுக் கேக்கறா."

தமிழ்மணி ஒன்பது நாள் யோசித்தான். நிலம் ஒரே துண்டு. கிணறு வடக்கு ஓரத்தில். மின்மோட்டார் ஒன்று. பிரித்தால் தண்ணீருக்குச் சண்டை வரும். பிரிக்காவிட்டால் தங்கை வர மாட்டாள். பத்தாம் நாள் இ-சேவை மையத்துக்குப் போய் நிலத்தின் அளவுப் படத்தை நகல் எடுத்தான். பென்சிலால் இரண்டு கோடு போட்டான். ஒரு கோட்டை அழித்து மறுபடி போட்டான்.

செவ்வாய்க்கிழமை பகல் மருந்தறை வாசலில் வந்து நின்றான். கையில் பை நிறையச் செந்தூரா மாம்பழம்.

"ஊசி போட வந்தியாண்ணா?"

"உன்னப் பாக்கத்தான். மூணாம் பாகம் பத்திப் பேசலாம்னு."

சுகுணாவின் முகம் மலர்ந்தது. அண்ணன் பத்தாம் வகுப்புப் பாடப் புத்தகத்துக்குப் பிறகு எதையும் படித்தவன் இல்லை.

"உனக்கு யாருண்ணா சொன்னா?"

"உங்க அண்ணி காதுல வுழுந்துச்சு."

"அண்ணிக்கும் வேணுமாமா?"

தமிழ்மணி திடுக்கிட்டான். "அவளுக்கு எப்படி வரும்? நீ, நான், அம்மா. மூணே பேருதான்."

"அம்மாவா? அம்மாவுக்குத்தான் கண்ணு தெரியலயே. எழுத்து ரொம்பப் பொடிசு."

"கைநாட்டு வெச்சாப் போதும்."

"எதுக்குக் கைநாட்டு? என் கைல வாங்கிட்டுப் போனா நான் பேரு எழுதிக்குவன். அவ்வளவுதான்."

"நீயே எழுதிக்குவியா?"

"நோட்டுல."

தமிழ்மணி மாம்பழப் பையைக் கீழே வைத்தான். "இரு பாப்பா. எனக்குச் சண்ட வேணாம். மூணாம் பாகம் உனக்குத்தான். ஆனா கிணறு பொதுவுல இருக்கட்டும்."

"மூணாம் பாகத்துல ஏதுண்ணா கிணறு? கிணறு நாலாம் பாகத்துலதான் வருது."

"நாலாம் பாகம் யாருக்கு?"

"நாலும் அஞ்சும் என்கிட்டயே இருக்குது."

தமிழ்மணி சுவரில் சாய்ந்தான். "அந்த மொரப்பூர்க்காரரு யாரு? வக்கீலா?"

"ரயில்வே."

"ரயில்வேக்காரருக்கு நம்ம நெலத்துல என்னா வேல?"

"நெலமா?"

அவன் சட்டைப் பையிலிருந்து படத்தை எடுத்து மேசையில் விரித்தான். சுகுணா படத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அட்டைப்பெட்டியிலிருந்து 'மண்விழுங்கி' முதல் பாகத்தை எடுத்துப் படத்தின் மேல் வைத்தாள். புத்தகத்தின் முதுகில் போட்டிருந்த எண்ணைக் காட்டினாள்.

"பாகம்ணா. புத்தகம். இது ஒண்ணாம் பாகம். மூணாம் பாகத்த அந்த ஆளு குடுக்க மாட்டேங்குறாரு."

அவனுக்குப் புரிய நேரம் எடுத்தது. அதற்குள் சுகுணா சிரிக்க ஆரம்பித்திருந்தாள். தடுப்பூசி அறையிலிருந்து பூவிழி ஓடி வந்தாள்.

"என்னாக்கா, யாருக்கு என்னா ஆச்சு?"

"எங்கண்ணன் நாலாம் பாகத்துல கிணறு கேக்குது."

"அய்யோ, கதையச் சொல்லாதீங்க!" பூவிழி காதைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

தமிழ்மணியும் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். சிரித்துக்கொண்டே படத்தை நாலாக மடித்தான். சட்டைப் பையில் வைத்தான். பையின் பொத்தானைப் போட்டான்.

பொத்தானைப் போட்டதைச் சுகுணா பார்த்தாள். அதற்கு முன்பே படத்தையும் நன்றாகப் பார்த்திருந்தாள். தெற்கு ஓரத்தில் ஒரு ஏக்கர். அதன் நடுவில் பென்சிலால் 'சு' என்று எழுதியிருந்தது.

"ஒம்பது நாளு தூங்கல நானு" என்றான் தமிழ்மணி. "அப்படி என்னாதான் இருக்குது அந்தப் புத்தகத்துல?"

"செத்தவங்க திரும்பி வந்தா ஒத்துக்குமா உனக்கு?"

"யாரு செத்தாங்கன்னு பாக்கணும்."

"பேரு எத்தன ஞாபகம் இருக்கும்?"

"மாட்டுப் பேரா, மனுஷன் பேரா?"

"முடியாத கதையா இருந்தா தாங்குவியா?"

"வெவசாயம் பண்றவன்கிட்டக் கேக்கற கேள்வியா இது?"

சுகுணா முதல் பாகத்தை நோட்டில் பதிந்து அவன் பையில், மாம்பழம் இருந்த இடத்தில், போட்டுக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் ராகிக் காட்டிலிருந்து போன் செய்தான்.

"ராவோட ராவா நெலத்தத் தின்னுடுது சரி. பட்டா யாரு பேருல இருக்குது?"

"அதெல்லாம் கேக்கக் கூடாதுண்ணா. ஃபேன்டஸி."

"தின்ன நெலத்துக்கு வரி யாரு கட்டறா?"

"படி."

"அந்தப் பொண்ணோட அண்ணங்காரன் சரியில்ல. சொல்லிட்டன்."

கதையின் நடுவில் வாய் விடுவது சுகுணாவின் வழக்கம் இல்லை.

ஆகஸ்டில் ஆரோக்கியராஜ் தானே மூன்றாம் பாகத்தைக் கொண்டுவந்தார். அட்டை ஓரத்தில் குழம்புக் கறை இருந்தது. "மச்சான் வூட்டுல எல்லாரும் படிச்சிட்டாங்க மேடம். அதான் லேட்டு. மச்சானோட அம்மா ரெண்டு தடவ படிச்சாங்க." அபராதமாக அவர் வேறொரு தொடரின் முழு வரிசையையும் பெட்டியோடு வைத்துவிட்டுப் போனார். பூவிழி மூன்றாம் பாகத்தை நான்கு நாளில் முடித்தாள். முடித்த அன்று ஒரு குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு, குழந்தையோடு சேர்ந்து அழுதாள்.

கொஞ்ச நேரம் கழித்து மருந்தறைக்கு வந்தாள்.

"அந்த 'சு' என்னாச்சுக்கா?"

"எந்த சு?"

"சும்மா இருங்க. நீங்கதான சொன்னீங்க."

"அது தப்பாப் புரிஞ்சதுல வந்தது."

"தப்பாப் புரிஞ்சுக்கிட்டாலும் கோடு சரியாத்தான போட்டாரு?"

சுகுணா பாராசிட்டமால் அட்டைகளைப் பத்துப் பத்தாக அடுக்கினாள். அந்த எழுத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால் கேட்க நினைத்திருக்க மாட்டாள். பார்த்துவிட்டாள். ஒன்பது நாள் தூங்காமல் அவன் போட்ட கோடு. பல அண்ணன்கள் தங்கைக்குப் போடாத கோடு. ஆனால் கேட்டால் ஞாயிற்றுக்கிழமை சோறு போய்விடலாம். அந்த வீட்டு வாசலும் போய்விடலாம். வீட்டில் கணவன் தர்மனிடம் சொன்னபோது, "உங்க வூட்டு விஷயம். கேட்டாலும் சரி, கேக்கலன்னாலும் சரி. என் பேர இழுக்காத" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான்.

"பூவிழி, உனக்கு அண்ணன் உண்டா?"

"ரெண்டு."

"கேட்டியா?"

"கேட்டன்."

"என்னா சொன்னாங்க?"

"பெரியவரு பேச மாட்டாரு. சின்னவரு மாசம் ஒரு தடவ வந்து திட்டிட்டுப் போவாரு. வர்றாரு பாருங்க, அது வரைக்கும் நல்லது."

செப்டம்பர் முதல் செவ்வாய்க்கிழமை தமிழ்மணி வந்தான். வரிசையில் நின்றான். தீர்த்தம்மாளின் சர்க்கரை மாத்திரைச் சீட்டை நீட்டினான். மாத்திரையை வாங்கிப் பையில் போட்டான். பிறகு போன மாதம் வாங்கிப் போன இரண்டாம் பாகத்தை எடுத்துக் கம்பி வலைக்குள் தள்ளினான். நடுவில் பக்க அடையாளமாக ஒரு உரக்கடைச் சீட்டு.

"உங்க அண்ணியும் படிக்கறா. நான் வயலுக்குப் போனா அவ எடுத்துக்கறா. அடையாளச் சீட்ட மாத்தி வெச்சுடறா. ஒரே சண்ட."

"எங்க இருக்கறாங்க?"

"அவளும் ரெண்டாம் பாகத்த முடிச்சுட்டா. அந்த அண்ணங்காரனக் கண்டாலே ஆவல அவளுக்கு. மொதல்ல அந்தப் பொண்ணுக்கு எழுதி வெச்சானாம், அப்புறம் கல்லப் புடுங்கிட்டானாம். ராத்திரியெல்லாம் என்னத் திட்டறா. நான் என்னா பண்ணன்?"

சுகுணா நோட்டில் இரண்டாம் பாகத்தை அடித்தாள். வரிசையில் அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை. மணி பன்னிரண்டே முக்கால். மூன்றாம் பாகம் மேசைமேல்தான் இருந்தது. குழம்புக் கறை அவன் பக்கம் தெரிந்தது.

அவன் சட்டைப் பையைப் பார்த்தாள். பொத்தான் போட்டிருந்தது. உள்ளே நாலாக மடித்த காகிதம் ஒன்று விளிம்பு தெரிய இருந்தது. அதுவா, வேறா, தெரியவில்லை.

"எல்லைக்கல்லத் தூக்கிட்டு நிக்கிறா" என்றான் தமிழ்மணி. "மண்ணு நகருது. எங்க நடப் போறான்னு தெரியாம எனக்கு வேல ஓடல. மூணாம் பாகம் எப்பத் தருவ?"

சுகுணா புத்தகத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை.

"நீ எப்பண்ணா தருவ?"