கிண்ணம் உறைய ஒரு நாள்

ஜெயவதி வீட்டு லாஃப்டில், ஐஸ்கிரீம் செய்கிற கரண்ட் மெஷின் ஒன்று பெட்டி பிரிக்காமல் ஒரு வருஷமும் நாலு மாசமும் கிடந்தது. கனடாவில் இருக்கிற தங்கை அக்ஷயா ஆன்லைனில் வாங்கி, ஆரணி விலாசத்துக்கு அனுப்பியது. பெட்டியோடு வந்த துண்டுச் சீட்டில் 'அக்காவுக்கு' என்று ஒரே ஒரு வார்த்தை. அதுவும் அச்சடித்த எழுத்து, தங்கையின் கையெழுத்து இல்லை. இருந்தாலும் அந்தச் சீட்டை ஜெயவதி பீரோவில், புடவை மடிப்புக்குள் பத்திரமாக வைத்திருந்தாள்.

மெஷினைத்தான் தொடவில்லை. தொட்டு என்ன செய்வது? எட்டு வருஷமாக அவள் ஐஸ்கிரீமை வாயில் வைத்ததில்லை. கல்யாண வீட்டில் யாராவது கப்பை நீட்டினால், "பல்லு கூசுதுங்க" என்று பக்கத்து இலைக்குத் தள்ளிவிடுவாள். அவள் பல்லுக்கு ஒரு குறையும் இல்லை. கரும்பை உரித்துக் கடிக்கிற பல்.

அது ஒரு நியமம். அவர்களுடைய சமணக் குடும்பங்களில், பிடித்த பண்டம் ஒன்றை விட்டுவிட்டேன் என்று பகவான் முன்னால் நின்று சொல்லிவிட்டால், விட்டதுதான். சிலர் நாலு மாசத்துக்கு விடுவார்கள், சிலர் ஆயுசுக்கும் விடுவார்கள். தங்கையோடு உட்கார்ந்து சாப்பிடுகிற நாள் வரைக்கும் ஐஸ்கிரீம் வேண்டாம் என்று ஜெயவதி விட்டாள்.

ஏன் ஐஸ்கிரீம் என்றால், அது அவர்கள் இருவருக்கும் நடுவே இருந்த ஒரு சின்ன வழக்கு. சிறு வயதில் கோட்டை மைதானத்து ஓரம் வண்டி நிற்கும். ஒரு கப், ரெண்டு மரக் கரண்டி. ஜெயவதி கரண்டியால் நடுவே கோடு போடுவாள். அக்ஷயா தன் பக்கத்தை அவசர அவசரமாக முடித்துவிட்டு, கோட்டைத் தாண்டி வருவாள். "கோடு, கோடு" என்று அக்கா கத்துவாள். கத்துவாளே தவிர, கப்பை ஒருநாளும் தன் பக்கம் இழுத்ததில்லை.

அந்த அக்ஷயா, பக்கத்து ஊரான சேத்துப்பட்டு வின்சென்ட்டைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்றபோது அப்பா வீட்டுக் கதவை மூடினார். ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போகிற நாள் காலையில் போன் வந்தது. "அக்கா, நீ கையெழுத்துகூட போட வேணாம். சும்மா வந்து பக்கத்துல நில்லு." ஜெயவதி கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போய், சேத்துப்பட்டு பஸ்ஸில் ஏறி, உட்கார்ந்தும் விட்டாள். வண்டி நகர்ந்தபோது அப்பாவின் முகம் கண்முன் வந்தது. இறங்கிவிட்டாள். அன்று சாயங்காலம்தான் கோயிலில் நியமம் எடுத்தாள்.

அப்பா போய் ரெண்டு வருஷம் ஆகிறது. அப்போதும் அக்ஷயாவால் வர முடியவில்லை. அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் பண்டிகைக்குப் பண்டிகை ஒரு பூப்படம். "நல்லா இருக்கியாக்கா?" "இருக்கேன்." அவ்வளவுதான்.

அப்படி இருக்கும்போதுதான் இந்த மே மாசம் ஒரு வியாழக்கிழமை செய்தி வந்தது: 'அக்கா, சேத்துப்பட்டு வந்திருக்கேன். சனிக்கிழமை நாலு மணிக்கு வீட்டுக்கு வரட்டா? ராத்திரியே திரும்பணும்.'

ஜெயவதி பெரிதாக என்னென்னவோ தட்டினாள், அழித்தாள், மறுபடி தட்டினாள். கடைசியில் போனது ஒரே எழுத்து: 'வா.'

பிறகு புருஷனைக் கூப்பிட்டாள். "ஏங்க, அந்த ஸ்டூலப் போடுங்க. லாஃப்ட்ல ஏறணும்."

அனந்தராஜுக்கு மெடிக்கல் ஷாப். மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கிற காகிதத்தைக்கூடக் கடைசி வரி வரைக்கும் படிக்கிற மனுஷன். மெஷினோடு வந்த புத்தகம் கையில் கிடைத்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"கேட்டுக்கோ. ஈரக் கையோட பிளக்கத் தொடக் கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருவக் கூடாது, செவுத்து பாயின்ட்லதான் சொருவணும். ஒயரு மேடைக்குக் கீழ தொங்கக் கூடாது."

"இது தெரியாமயா இத்தினி வருஷம் மிக்ஸி ஓட்டிகினு இருக்கேன்?"

"ஓடிகினு இருக்கறப்போ உள்ள கையி, கரண்டி, முடி, நகை எதுவும் போகக் கூடாது. கைய வைக்கணும்னா சுவிட்ச ஆஃப் பண்ணு, பிளக்கையும் புடுங்கு, அப்புறம் வையி." கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு அவள் கையைப் பார்த்தார். அன்றுதான் கடைத்தெருவில் வாங்கிப் போட்டிருந்த பச்சைக் கண்ணாடி வளையல், கைக்கு ஆறு. பச்சை அக்ஷயாவுக்குப் பிடித்த நிறம். "வேலை செய்யறப்போ அதக் கழட்டி வையேன்."

"தங்கச்சி வர்ற நாளும் அதுவுமா மூளிக் கையோட நிக்கச் சொல்றீங்களா? நல்லா இருக்குது உங்க ரூலு."

"என் ரூலு இல்லம்மா. கம்பெனிக்காரன் ரூலு."

"அவனுக்குத் தங்கச்சி இல்ல போல."

மெஷினில் முக்கியமானது நீல நிறக் கிண்ணம். ரெண்டு சுவர், நடுவே தண்ணீர் மாதிரி ஏதோ ஒன்று. அது கல்லாக உறைந்தால்தான் ஊற்றுகிற பால் ஐஸ்கிரீம் ஆகும். இருபத்துநாலு மணி நேரம் ஃப்ரீசரில் இருக்க வேண்டும். சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்து, வெள்ளிக்கிழமை மத்தியானம் வைத்தாள். உறைந்ததா என்று தெரிந்துகொள்ள ஆட்டிப் பார்க்க வேண்டுமாம்; உள்ளே 'கொளக்' என்று சத்தம் வந்தால் இன்னும் ஆகவில்லை.

"அதுக்குன்னு தொறந்து தொறந்து ஆட்டாத. குளிரு பூடும்" என்றார் அனந்தராஜ். அவர் கடைக்குப் போனதும் ரெண்டு தடவை திறந்து ஆட்டினாள்.

புத்தகத்தில் நாலு முட்டை மஞ்சள் கரு போடச் சொல்லியிருந்தது. அந்தப் பக்கத்தை அவள் கவிழ்த்து வைத்தாள். பாலைச் சுண்டக் காய்ச்சி, ஒரு கரண்டி கார்ன்ஃப்ளவர் கரைத்து ஊற்றி, பெரணமல்லூர் தோட்டத்து மாம்பழத்தை அரைத்துக் கலந்து, நன்றாக ஆறிய பிறகு ஃப்ரிட்ஜில் வைத்தாள்.

சனிக்கிழமை கிண்ணத்தை ஆட்டினால் சத்தமே இல்லை. நாலு மணி ஆயிற்று. நாலரை. அக்ஷயா வந்து பார்க்கப் பார்க்க மெஷினை ஓடவிட வேண்டும், சுடச்சுட என்பது மாதிரி குளிரக் குளிர எடுத்து வைக்க வேண்டும் என்பது ஜெயவதியின் ஆசை. சமண வழக்கப்படி, பொழுது சாய்ந்தால் ஜெயவதி வாயில் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் போகாது. ஆறரைக்குச் சூரியன் இறங்கிவிடும். அதற்குள் ஒரு கப், ரெண்டு கரண்டி. அவ்வளவுதான் அவள் கேட்டது.

ஐந்தே காலுக்கு போன் பீப் அடித்தது. 'டயர் பஞ்சர்க்கா. மாத்திகினு இருக்காங்க. ஆறு மணிக்குள்ள வந்துடுவேன்.'

"இனிமே காத்துகினு இருந்தா வேலைக்கு ஆவாது" என்று ஐந்தே முக்காலுக்கு மெஷினைப் பூட்டினாள். கையைத் துடைத்து, சுவர் பாயின்ட்டில் பிளக்கைச் சொருகி, சுவிட்சைப் போட்ட பிறகு பாலை ஊற்றினாள். கிண்ணம் சுற்ற, நடுவில் இருந்த துடுப்பு அப்படியே நின்று வழித்துக் கொடுத்தது. மஞ்சள் பால் மெல்லக் கெட்டிப்பட ஆரம்பித்தது. இன்னும் கால் மணி நேரம் போதும்.

கரண்ட் போயிற்று.

மின்விசிறி நின்றதும் பக்கத்து வீட்டுக் கைத்தறிச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. சுவருக்கு அப்பாலிருந்து பொன்னியம்மாள் குரல் கொடுத்தாள். "இன்னா ஜெயவதி, தங்கச்சி வந்துட்டாளா?"

"வந்துகினே இருக்கா!"

"ஜல்தியா வரச் சொல்லு. நானும் பாக்கணும்."

ஜெயவதி கிண்ணத்தின் வெளிப்பக்கம் வேர்ப்பதைப் பார்த்தாள். ஜன்னல் வழியாக வந்த வெயில் அடுப்பு மேடையை விட்டு இறங்கி, தரைக்கு வந்து, எதிர்ச் சுவரில் ஏற ஆரம்பித்திருந்தது. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். ஓரத்தில் ஒட்டிய நல்ல ஐஸ்கிரீம் கரைந்து நடுவுக்கு ஒழுகியது. மெஷின்தான் நின்றுவிட்டதே, கரண்டியால் நாமே கிளறிவிட்டால் என்ன என்று மூடியைத் தூக்கினாள். நின்றிருந்தது மெஷின்தான், சுவிட்ச் போட்டபடியே இருந்தது. அது அவள் நினைவில் இல்லை. வாசலில் கார் சத்தமா என்று காதைக் கொடுத்துக்கொண்டே கரண்டியை உள்ளே விட்டாள்.

கரண்ட் வந்தது.

கரண்டி துடுப்பில் சிக்கியது. மணிக்கட்டு சுழன்று கிண்ண விளிம்பில் மோதியது. 'சளீர்' என்ற சத்தம். அனந்தராஜ் ஹாலிலிருந்து ஓடிவந்து முதலில் சுவிட்சை அணைத்தார், பிறகு பிளக்கைப் பிடுங்கினார், அதற்குப் பிறகுதான் அவள் கையைப் பிடித்தார்.

"விரலு எல்லாம் இருக்குதா? மடக்கு. நீட்டு."

விரல் எல்லாம் இருந்தது. மணிக்கட்டில் ஒரு கீறல். ஆறு வளையலில் ரெண்டு இல்லை.

மேடையிலும் தரையிலும் கிடந்த பச்சைத் துண்டுகளைப் பொறுக்கி, பேப்பரை விரித்து, அவர் வட்டமாக அடுக்கினார். ஒரு வளையல் முழுசாகச் சேர்ந்துவிட்டது. இன்னொன்றில் ஒரு அரிசி அளவு இடம் காலியாக நின்றது.

"வடிகட்டிக்கலாமா?" என்றாள். அவளுக்கே பதில் தெரியும்.

"கண்ணாடிம்மா. தூளா இருக்கும். யார் வாயில வைக்கறது? அந்தப் பொண்ணு வாயிலயா?"

குப்பையில் கொட்டினால் நாய் நக்கும், செடியோரம் ஊற்றினால் காக்கை கொத்தும் என்று, பின்கட்டு எலுமிச்சை மரத்தடியில் அனந்தராஜ் ஆழமாக ஒரு குழி தோண்டினார். மாம்பழ மணத்தோடு அத்தனையும் அதில் போயிற்று. மண்ணை மூடி மேலே ஒரு கல்லையும் வைத்தார்.

கார் வந்தபோது மணி ஆறே முக்கால்.

அக்ஷயா தனியாகத்தான் இறங்கினாள். கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். காதோரம் ரெண்டு நரை. இறங்கியவள் அக்காவைப் பார்ப்பதற்கு முன்னால் மேற்கே வானத்தைப் பார்த்தாள்.

"பொழுது பூடுச்சாக்கா?"

எட்டு வருஷத்துக்குப் பிறகு நேரில் பேசிய முதல் பேச்சு அது.

"இப்பத்தான் போச்சு" என்றாள் ஜெயவதி. "நீ வா. நீ சாப்பிடலாம், உனக்கு இன்னா."

"நீ சாப்பிடாம நான் மட்டுமா?"

உள்ளே வந்ததும் அவள் கண் பேப்பர் மேல் இருந்த பச்சை வட்டத்தில் விழுந்தது. "இன்னா மாமா இது, கோலமா?"

அனந்தராஜுக்கு ஒன்றைப் பாதியில் நிறுத்தத் தெரியாது. கரண்ட் போனது, கரண்டி சிக்கியது, எலுமிச்சை மரத்தடிக் குழி எல்லாம் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். "உங்கக்கா எட்டு வருஷமா ஐஸ்கிரீமே தொடறதில்ல. தொட்டா உன்கூடத்தானாம். நியமம்" என்றும் சொல்லிவிட்டார்.

"அதையும் சொல்லியே ஆவணுமா?" என்று ஜெயவதி சீறினாள். பிறகு தங்கையின் முகத்தைப் பார்க்காமல், மேடையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கு நான் பஸ்ஸுல ஏறிட்டேன்டி. உக்காந்தும் உக்காந்துட்டேன். வண்டி நவுந்தப்போ எறங்கிட்டேன்."

அக்ஷயா மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "எந்த சீட்டு?"

"ஜன்னலோரம்."

"ஆபீசு எதிர்க்கதான் பஸ்ஸு நிக்கும். ஒவ்வொரு பஸ்ஸுலயும் ஜன்னலோரமாத்தான் பாத்துகினு இருந்தேன். பன்னண்டு மணி வரைக்கும்."

துடைத்த இடத்தையே ஜெயவதி மறுபடி துடைத்தாள். பக்கத்து வீட்டுத் தறி நின்றிருந்தது.

அனந்தராஜ் தொண்டையைச் செருமினார். "அதுக்கு இன்னா இப்போ, காலைல கடையில ஒரு கப்பு வாங்கி..."

"மாமா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க." அக்ஷயா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு நீலக் கிண்ணத்தை எடுத்தாள். குழாயடியில் ரெண்டு தடவை, மூன்று தடவை அலசினாள். வெளிச்சத்தில் பிடித்து, விரலை வைக்காமல் துணியால் ஒற்றிப் பார்த்தாள். கண்ணாடித் தூள் இல்லை. காய்ந்த துணியால் சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்தாள். "இது எத்தினி நேரம் ஃப்ரீசர்ல இருக்கணும்னு போட்டிருக்கான்?"

"இருபத்துநாலு மணி நேரம்."

"இப்ப மணி ஏழேகால். அப்போ நாளைக்கு ஏழேகாலு." கிண்ணத்தை ஃப்ரீசரில் வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தாள். "பொழுது பூடுமே?"

"பூடும்" என்றாள் ஜெயவதி.

"அப்ப நாளன்னிக்கு காலைலதான் சாப்பிட முடியும்." அக்ஷயா போனை எடுத்தாள். "வின்சென்ட்டு, நான் திங்கக்கிழமை வரேன். இல்ல, பஞ்சர் இல்ல. கிண்ணம் உறையலப்பா. வந்து சொல்றேன்." போனை வைத்துவிட்டு, "சொல்லிட்டேன்க்கா. ஆனா திங்கக்கிழமை கெளம்பித்தான் ஆவணும். செவ்வாய்க்கெழம ஃப்ளைட்டு" என்றாள்.

"மெஷின் ஓட்டறப்போ நான்தான் ஓட்டுவேன். நீ வளையலோட அந்தப் பக்கமே வராத" என்று அக்ஷயாவே மறுபடி சொன்னாள்.

"கோடு போட்டுட்டுத்தான்டி உன்ன உள்ள வுடுவேன்" என்றாள் ஜெயவதி.

அக்ஷயா சிரித்துக்கொண்டே பொன்னியம்மாளைப் பார்க்கப் பின்கட்டு வழியாகப் போனாள். சுவருக்கு அப்பால் "அட, யாரு இது!" என்று ஒரு கூச்சல் எழுந்தது.

ஜெயவதி ஃப்ரிட்ஜ் முன்னால் தனியாக நின்றாள். திறந்தால் குளிர் போய்விடும் என்று தெரியும். இருந்தாலும் திறந்தாள். கிண்ணத்தை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டினாள். உள்ளே தண்ணீர் கொளக் கொளக் என்றது. அந்தச் சத்தத்தை இன்னும் ஒரு தடவை கேட்டுவிட்டு, மெல்ல வைத்து மூடினாள்.